பதினாலு புள்ளி ஆறு

இந்த மாவட்டத்தில் ரீடிங் அக்காவுக்குத் தெரியாத வீடு கிடையாது. என்ன ஒன்று, எல்லா வீட்டையும் அவளுக்குப் பின்பக்கமாகத்தான் தெரியும். மின்சார மீட்டரை எங்கே மாட்டுவது என்பதில் மனிதர்களுக்கு ஒரு வரைமுறையே இல்லை. மாடிப்படிக்கு அடியில் மாட்டுவார்கள், குளியலறைச் சுவரில் மாட்டுவார்கள், கோழிக்கூண்டுக்கு மேலே மாட்டிவிட்டு, கோழி கொத்தினால் நாங்கள் பொறுப்பில்லை என்றும் சொல்வார்கள். இருபத்தாறு வருடமாக அக்கா அந்தந்த மூலைக்குள் நுழைந்து, டார்ச் அடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வருகிறாள். அவளுடைய நோட்டில் கதவு எண்ணுக்கெல்லாம் மதிப்பில்லை. 'பச்சைக் கதவு. குரைக்கும், கடிக்காது.' 'சைக்கிளை நகர்த்திவிட்டுப் பார்.' 'பேச்சுக் கொடுக்காதே, அரை மணி போய்விடும்.' இப்படித்தான் எழுதியிருக்கும்.

இப்பேர்ப்பட்டவள், சொந்த வீட்டில் ஒரே ஒரு மனிதரை நகர்த்த முடியாமல் எட்டு மாதமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள்.

மனிதர் வேறு யாருமில்லை, புருஷன்தான். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். லாரி ஷெட்டில் அவருக்கு 'செகண்ட் கியர்' என்று பெயர். வெளியூர் போன வண்டிகள் திரும்பும்போது, ஊர் நெருங்குகிற இறக்கத்தில் மற்ற டிரைவர்கள் வீட்டு நினைப்பில் பறப்பார்கள். இவர் மட்டும் செகண்ட் கியரைப் போட்டு உருட்டிக்கொண்டு வருவார். பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகும். ஏன் இப்படி என்று கேட்டால், "சும்மாதான், இன்ஜினுக்கு நல்லது" என்பார்.

சும்மா என்பது அவருக்கு ரொம்பப் பிடித்த சொல். எந்தக் கேள்விக்கும் பிடி கொடுக்காமல் நழுவ அது ஒன்றே போதும். பல வருடத்துக்கு முன்னால், லாரிக்கு அடித்து மிச்சமிருந்த மஞ்சள் பெயின்டை எடுத்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பூசினார். தெருவே கறுப்புத் தொட்டி வைத்திருக்க, இவர்கள் வீட்டுக்கு மட்டும் பளீரென்று மஞ்சள் தொட்டி. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். ஏன் பூசினீர்கள் என்று அக்கா சண்டை போட்டதற்கு, "சும்மா, வீணாப் போகுதேன்னு" என்றார். இரண்டு வருடம் கழித்து மறுபடி பூசினார். அதற்கும் சும்மா. மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு நாள் காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்தாள். மூன்று நாளாக வெளியூரில் இருந்த மனுஷன், ஷெட்டுக்குக்கூடப் போகாமல், ஏற்றிய சரக்கோடு லாரியைக் கொண்டுவந்து தெருவுக்குள் செருகிவிட்டார். கையில் மருந்தும் ரொட்டியும். லாரி முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் இரண்டு மணி நேரம் தெரு நாறிப்போனது. அப்போது கையில் போன் கிடையாது. யார் சொன்னது என்று அக்கா குடைந்து குடைந்து கேட்டாள். "யாரும் சொல்லல. சும்மா வந்தேன்."

முப்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது முழங்கால் ஒரு நாள் மடங்க மாட்டேன் என்றது. ஆபரேஷன் நடந்தது. முதலாளி வந்து நலம் விசாரித்து, ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கையில் கொடுத்து, இனிமேல் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நேரம் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் பண்ணிவிட்டுக் கடிகாரமும் கொடுத்த அந்தப் புண்ணியவானை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை. டாக்டர் என்னவோ, "நடங்க, படி ஏறுங்க, ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொன்னார். இவர் கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு நடப்பார். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் திரும்புவார். அவர் வாசல் கேட்டைத் தாண்டி எட்டு மாதம் ஆகிறது.

"கடைத்தெரு வரைக்கும் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போறேன், வாங்களேன்" என்று அக்கா கெஞ்சுவாள்.

"பின்னாடி ஏத்திட்டுப் போக நான் என்ன மூட்டையா?"

தினமும் சாயங்காலம் வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன் செய்வாள். "அம்மா, அப்பா இன்னைக்கு வெளிய போனாரா?" "போனாரே, ஜன்னல் வரைக்கும்" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவளுக்குள் பயம் பிடித்திருந்தது. அவருக்குச் சாப்பாடு குறைந்துவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது, சண்டைகூடப் பாதியிலேயே அணைந்துவிடுகிறது. மீட்டர் ஓடாத வீடுகளை அக்கா நிறையப் பார்த்திருக்கிறாள். பூட்டிய வீட்டில் ஓடாவிட்டால் பரவாயில்லை. ஆள் இருக்கிற வீட்டில் ஓடாவிட்டால்தான் என்னவோ கோளாறு என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு யோசனை உதித்தது. மாவட்டத்து மக்களுக்கு மாவட்டத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் எது என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு புத்தகம் போடுவது. அட்டையில் இரண்டே கேள்வி. பிடித்த இடம் எது? ஏன் பிடிக்கும்? தபாலில் அனுப்பினால் குப்பைக்குப் போகும், ரீடிங் அக்கா கையில் கொடுத்தால் நேரே வீட்டுக்குள் போகும் என்று எவனோ ஒரு விவரமானவன் சொல்லியிருக்கிறான். அறுநூறு அட்டையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். கூடுதல் வேலைக்கு ஊதியமாக ஒரு தொப்பி கொடுத்தார்கள்.

அக்கா முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினாள். அப்புறம் அந்தச் செய்தித் துறை அதிகாரி, மீசை சரியாக முளைக்காத வயசு, இன்னொன்றும் சொன்னார். தேர்ந்தெடுக்கும் இருபது பேரை வேன் வைத்து அவரவர் இடத்துக்கே கூட்டிப்போய், அங்கேயே நிற்க வைத்துப் போட்டோ எடுத்துப் புத்தகத்தில் போடுவார்களாம்.

"வேன்ல டிரைவர் பக்கத்து சீட்டு கிடைக்குமா சார்?" என்று கேட்டாள் அக்கா.

"உங்களுக்கா அக்கா?"

"வீட்டுல ஒரு ஆள் இருக்கார்."

அன்று ராத்திரியே முதல் அட்டை ஜன்னலோர நாற்காலிக்குப் போனது. வேன் விஷயத்தை மறைத்துவிட்டு, "முப்பது வருஷம் சுத்தின மனுஷன், உங்களுக்குத் தெரியாத இடமா? ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்று ஏற்றிவிட்டாள். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடிகாரத்துக்கு அடியில் செருகினார். "பார்க்கலாம்."

மற்ற வீடுகளில் அட்டைகள் கிடுகிடுவென்று நிரம்பின. அக்கா மீட்டர் பார்த்துவிட்டு வருவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மாவட்ட அலுவலகம் எதிர்பார்த்தது ஏரி, மணிக்கூண்டு, பூங்கா. வந்ததே வேறு. தையல்காரருக்குப் பிடித்தது வங்கியில் காத்திருக்கும் கூடம். குளுகுளுவென்று இருக்கும், உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சலவைக்கூடத்தின் பின்சுவர் என்று எழுதினாள். மழைக்காலத்தில் அது வெதுவெதுப்பாக இருக்குமாம், முதுகை அதில் சாய்த்து ஐந்து நிமிடம் நின்றால் அடுத்த ஆறு மணி நேரம் தாங்குமாம். கணக்கு வாத்தியாருக்கு நூலகத்தின் மூன்றாவது மாடி, ஏனென்றால் அங்கே போன் எடுக்காது. புதிதாகக் கல்யாணமான ஜோடிக்குப் பேருந்து நிலையத்தின் ஒன்பதாவது நடைமேடை. அங்கே பேருந்தே வராது. மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி, 'எங்கள் வீட்டுக் குளியலறை, உள்தாழ்ப்பாள் உண்டு' என்று எழுதினாள்.

"இது வீடும்மா. மாவட்டத்துல இருக்கிற இடம் கேக்கறாங்க" என்றாள் அக்கா.

"எங்க குளியலறை என்ன பக்கத்து மாவட்டத்துலயா இருக்கு?"

அதுவும் நியாயம்தான் என்று வாங்கிப் பையில் போட்டாள். செவ்வாய்க்கிழமை பாதி அட்டைகளைப் புரட்டிப் பார்த்த அதிகாரிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏரி எங்கக்கா? நாலு பேர்கூட ஏரின்னு எழுதலியே!" "ஏரி எங்க சார் போகப்போகுது? எழுதாட்டியும் இருக்கும்" என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலை, கடிகாரத்துக்கு அடியில் பார்த்தால் அட்டை நிரம்பியிருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் குளியலறையில் இருக்கும்போதே எடுத்துப் படித்தாள். இடம் என்கிற கட்டத்தில், 'மேற்குச் சாலை, 14.6 கி.மீ.' என்று லாரி டிரைவர் கையெழுத்தில் சாய்வாக எழுதியிருந்தது. ஏன் பிடிக்கும் என்கிற கட்டத்தில், சொல்லவே வேண்டாம், 'சும்மா'.

ஆனாலும் ஒரு இடம் எழுதியிருக்கிறாரே! அது நல்ல இடமாக இருந்துவிட்டால், கட்டத்தில் தானே நாலு வரி அழகாக எழுதிச் சேர்த்து, வேனில் ஏற்றிவிடலாம் என்று அவள் மனசு அதற்குள் எங்கேயோ போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மேற்குச் சாலையில் ஸ்கூட்டரை விட்டாள். கிலோமீட்டர் கல்லெல்லாம் மணிக்கூண்டில் பூஜ்ஜியம் என்று தொடங்கும். ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டே போனாள். மலைப்பாதை முடிந்து, சமவெளி வந்து, பதினாலாவது கல் தாண்டி, ஆறு என்று எழுதிய சின்னக் கல்.

அங்கே ஒரு சுவர் இருந்தது. ஏதோ ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர். 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே ஊர்க் குப்பை முழுவதும் கிடந்தது. எதிர்ப்பக்கம் காலி நிலம். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. அக்கா சுவரைப் பார்த்தாள். சுவரும் அவளைப் பார்த்தது.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நாள் முழுக்க உழைத்து வீடு திரும்பி, விடுகதை போடுகிற மனுஷனுக்கு வடித்துக் கொட்டி, போதாக்குறைக்கு வெயிலில் இருபத்தொன்பது கிலோமீட்டர் போய் வந்து... கேலி பண்ணியிருக்கிறார்! கேலி பண்ணக்கூடத் தெம்பில்லாமல் கை போன போக்கில் ஏதோ ஒரு எண்ணை எழுதிவைத்திருந்தால்? அந்த நினைப்புதான் கோபத்தைவிட மோசமாக இருந்தது. இந்த மனுஷனை இனி வெளியே கொண்டுவரவே முடியாதோ என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

"எங்க போயிருந்தே, இவ்வளவு நேரம்?" என்றார் ஜன்னல் பக்கத்திலிருந்து.

"சும்மா" என்றாள் அக்கா.

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. வியாழக்கிழமை காலையிலும் அதே முறைப்புதான். துவைத்த துணியை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடக்கூட மனசில்லாமல், வாளியை மாடிப்படிக்குக் கீழே ணங்கென்று வைத்துவிட்டு, சாப்பாட்டை மூடிவைத்து வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

பதினொரு மணி வாக்கில் ஓய்வுபெற்ற தாசில்தார் வீடு. நோட்டில் 'அரை மணி போய்விடும்' என்று அவள் எழுதிவைத்தது இவரைத்தான். அன்றைக்கு அவர் மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

"இதைப் பாரும்மா. ஆறாயிரத்து நூறுன்னு காட்டுது. கிழவனும் கிழவியும் இருக்கிற வீடு. மீட்டர் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆகுது. ரெண்டு மாசத்துல ஆறாயிரம் யூனிட் எரிக்க நாங்க என்ன ஆலையா நடத்தறோம்?"

அக்காவுக்கு இது அன்றாடப் பாட்டு. "ஐயா, உங்களுக்கு மாட்டினது புது மீட்டர் இல்ல. வேற வீட்டுல ஓடினதைச் சரி பண்ணி மாட்டியிருக்காங்க. மாட்டும்போதே ஆறாயிரத்துல நின்னுச்சு. முகத்துல இருக்கிற எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. எங்கேருந்து ஓட ஆரம்பிச்சதுன்னு பார்த்து, அதைக் கழி..."

கழிக்கணும் என்று முடிக்கவில்லை. டார்ச்சை அணைக்காமல் அப்படியே நின்றாள்.

"கழிச்சு?" என்றார் தாசில்தார்.

"கழிக்காம விட்டுட்டேங்கய்யா! இருபத்தாறு வருஷம் இதே வேலை பார்த்துட்டுக் கழிக்காம விட்டுட்டேன்!"

அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் அக்கா வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்துவிட்டாள். அரை மணி வீட்டில் நாலு நிமிடத்தில் வேலை முடிந்தது அன்றுதான். லாரி டிரைவர் எந்தக் காலத்தில் சாலையோரக் கல்லைப் பார்த்தார்? அவருக்குப் பூஜ்ஜியம் மணிக்கூண்டு இல்லை, லாரி ஷெட். வண்டியை எடுக்கும்போது ஷெட் வாசலில் லாரியின் கிலோமீட்டர் எண்ணைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் கிளம்புவார். ஷெட் இருப்பது மணிக்கூண்டுக்குக் கிழக்கே, சரியாக ஐந்து கிலோமீட்டரில். பதினாலு புள்ளி ஆறில் ஐந்து போனால் ஒன்பது புள்ளி ஆறு. அப்படியென்றால் நேற்று அவர் எழுதிய இடத்தைத் தாண்டித்தான் போனாள், திரும்பும்போதும் தாண்டித்தான் வந்தாள். எண்ணிக்கொண்டு போன கண்ணுக்குக் கல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

ஒன்பதாவது கல், சின்னக் கல் ஆறு. மேற்குச் சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு குன்றின் மேல் ஏறுகிற இடம். வெளியூரிலிருந்து வருகிற வண்டிக்கு அது இறக்கம். வளைவில் ஒரு லாரி ஒதுங்குகிற அளவுக்கு மண் தரை. அதில் டயர் தடம் பதிந்து பதிந்து பள்ளமே விழுந்திருந்தது. அக்கா ஸ்கூட்டரை நிறுத்தி, ஓரத்துக்கு வந்து பார்த்தாள்.

கீழே ஏரி. ஏரிக்கு அந்தக் கரையில் வீடுகள். சாலை வழியாக வந்தால்தான் தூரம். நேராகப் பார்த்தால் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. மாடி மாடியாகக் கறுப்புத் தொட்டிகள். அவற்றுக்கு நடுவில், கரையை ஒட்டி, பளீரென்று ஒரு மஞ்சள் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டுத் துணிக்கொடி, வெறுமையாக.

ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. செகண்ட் கியர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மஞ்சள் பெயின்ட். அந்தக் காய்ச்சல் நாளில் அவள் போர்வையும் சின்னச் சட்டையுமாக நாலு தடவை துவைத்துக் கொடி முழுக்கக் காயப்போட்டிருந்தாள். இங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் மனுஷன் மருந்தோடு வந்து சேர்ந்திருக்கிறார். முப்பது வருடம், ஒவ்வொரு முறை திரும்பும்போதும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும் என்று, வீடு நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னாரா! அக்காவுக்கு அழுகை வந்தது. சாலையோரம் என்றும் பார்க்காமல், மாவட்ட அலுவலகம் கொடுத்த தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"என்ன?" என்றார் அவர். நேற்றைய முறைப்பு இன்னும் குரலில் இருந்தது.

"நீங்க எழுதின இடத்துல நிக்கிறேன்."

அக்கா போனை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"வளைவுலயா? ஓரமா நில்லு" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "தொட்டி தெரியுதா?"

"தெரியுது."

"கொடியில என்ன கிடக்கு?"

"ஒண்ணும் இல்ல. உங்க மேல இருந்த கோபத்துல காயப்போடாம வந்துட்டேன். வாளி படிக்குக் கீழயே இருக்கு." அதற்குமேல் கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டுவிட்டாள். "கொடி வெறுமையா இருந்தா இங்கேருந்து பார்க்கிறதுக்கு நல்லாவே இல்லீங்க."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைக்கிற கரகரப்பு கேட்டது. நாற்காலி நகர்ந்தது. அப்புறம் வாளியின் பிடி கிணுகிணுத்தது. மொத்தம் பத்தொன்பது படி. வாளி ஒவ்வொரு படியிலும் டொக்கென்று இடித்தது. அவள் மீட்டர் எண்ணைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழில் நின்றது. நீண்ட மூச்சு. போதும், விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள், எட்டு இடித்தது. பதிமூன்றில் மறுபடி நின்று, முழங்காலை ஏதோ திட்டிவிட்டு, பதினான்கு. பதினெட்டு. பத்தொன்பது.

ஏரிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தொட்டிக்கு அருகில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. அப்புறம் குனிந்து, கொடியில் எதையோ போட்டது. நீலமாக இருந்தது. அவளுடைய வேலைச் சட்டையாகத்தான் இருக்க வேண்டும்.

"கசக்கிப் போடாதீங்க, உதறிப் போடுங்க" என்றாள் அக்கா.

"அவ்வளவு தூரத்துலேருந்து அதுவுமா தெரியுது?"

"தெரியாது. உங்களைத் தெரியும்."

கொடி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. அக்கா பையிலிருந்து அவருடைய அட்டையை எடுத்து ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, 14.6 என்பதை அடித்துவிட்டு 9.6 என்று திருத்தினாள். இன்னும் எழுதாமல் வைத்திருந்த தன்னுடைய அட்டையிலும் அதே இடத்தை எழுதினாள். ஏன் பிடிக்கும் என்ற கட்டத்தை மட்டும் நிரப்ப வரவில்லை. அறுநூறு பேரை எழுத வைத்தவளுக்கு ஒரு வரி வரவில்லை. அப்படியே மடித்துப் பையில் வைத்தாள்.

"உங்க அட்டையைக் கொடுக்கப் போறேன். எடுத்துக்கிட்டாங்கன்னா வேன் அனுப்புவாங்களாம். இங்க நிக்க வெச்சுப் போட்டோ எடுப்பாங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அவனுங்க வேன் எதுக்கு? நாளைக்கு நீ வேலை முடிஞ்சு வந்ததும் போகலாம்."

"ஸ்கூட்டர்தான் இருக்கு. பின்னாடி உட்காரணும்."

வெள்ளைச் சட்டை கொடிக்கு அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. "சரி, உட்கார்றேன். ஆனா திரும்பி வரும்போது இந்த இறக்கத்துல செகண்ட் கியர்லதான் வரணும்."

"இந்த ஸ்கூட்டர்ல கியரே கிடையாதுங்க."

"அப்ப மெதுவா ஓட்டு" என்றார்.